பேக்கரி மாடியில் ஆட்ட வினைகள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் காகித ஆலை. அங்கே ஒரு பெரிய விசிறி கொஞ்ச நாளாகக் கத்துகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். அதிர்வு அளக்கும் சென்சாரை வைத்துப் பார்த்தால், இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் அழுக்கு அப்பியிருக்கிறது. சுரண்டிவிட்டு, எதிர்ப்பக்கம் சின்னதாக ஓர் எடையை வைத்து ஓடவிட்டேன். சத்தமே இல்லை. ஃபோர்மேன் என் முதுகில் தட்டி, கைராசிக்காரர் என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆடுகிறதை ஆடாமல் நிறுத்துவது என் தொழில். என்னை நிறுத்த எடை கிடை எதுவும் தேவைப்படவில்லை. மழைக்காலத்தில் என் மனைவி போனதோடு தானாக நின்றுவிட்டேன்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். மலைமேல் இருக்கும் காற்றாலை நிலையத்துக்கு ஓர் ஆள் வேண்டுமாம். தனி ஆள் வேலை. ஓர் அறை, ஒரு கட்டில், கம்ப்யூட்டர், சுற்றிலும் காற்றாடிகள். மாதத்துக்கு ஒரு தடவை சாமான் வண்டி வரும். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "யோசிச்சுச் சொல்லுப்பா, அங்க பேச்சுத் துணைக்குக் காத்து மட்டும்தான்" என்றார். அதற்காகத்தான் சார் போகப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் மச்சினனின் சாக்ஸ், ஒன்று டிவி மேல், இன்னொன்று ஃப்ரிட்ஜ் மேல். இரண்டுக்கும் நடுவில், சோபாவில், மச்சினன். அவளுடைய தம்பி. கூரியர் வேன் ஓட்டுகிறான். சாவுக்கு வந்தவன் ரெண்டு நாள் துணைக்கு இருக்கேன் அத்தான் என்றான். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

சாயங்காலம் ஒரு போன். தையல்காரம்மா. அவளுடைய மாலை வகுப்பில் ஆங்கிலம் படித்தவர். பேக்கரி மாடியில் ஒரு பழைய அறையில் செவ்வாயும் வெள்ளியும் அவள் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். காசு வாங்கமாட்டாள். அந்த அறைச் சாவி இன்னும் என் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. எனக்கே தெரியாது.

"கதவை மட்டும் திறந்து விடுங்க சார். நாங்களா படிச்சுக்கறோம்."

இத்தனை நாளாக மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறார்களாம்.

மார்ச் 4, புதன்

சாவியைக் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். வளையம் நகத்தை உடைத்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

திறந்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

மரப்பலகைத் தரை, நீள பெஞ்சுகள், ஒரு கரும்பலகை. கீழே அடுப்பு எரிவதால் உள்ளங்காலில் இளஞ்சூடு. அறை முழுக்க ரொட்டி வாசனை. கரும்பலகையில் அவள் கையெழுத்து இருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன். இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தது. அதில் கொஞ்சம் நிம்மதி. கொஞ்சம் எரிச்சலும்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கதவுப் பக்கம் நின்றே பார்த்தேன். பார்பர் எழுந்து போய் சாக்பீஸை எடுத்துக்கொண்டார். அன்றைய பாடம், நடனத்துக்கான ஆங்கில வினைச்சொற்கள். டீச்சர் அடுத்து அதுதான் என்று சொல்லிவிட்டுப் போனாராம். போனவர் போனவர்தான்.

ஜைவ் என்றால் வேகமாக ஷேவ் செய்வது என்று பார்பர் விளக்கினார். சொல்வது பார்பர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பஸ் டிரைவர் எழுதிக்கொள்ளக்கூட ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மெஷினில் தப்பான நட்டைப் போடுகிறவனைப் பார்த்தால் கை பரபரக்குமே, அந்த மாதிரி.

"இல்லைங்க, அது ஒரு ஆட்டம்" என்றேன் வாசலிலிருந்து.

எல்லாத் தலையும் திரும்பியது. வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் சாக்பீஸ் என் கையில். எப்படி வந்தது என்று தெரியவில்லை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

நான் படித்த ஆங்கிலம் மெஷின் கையேட்டு ஆங்கிலம். அதில் யாரும் ஆடமாட்டார்கள். ஏதாவது ஆடினால் உடனே ஸ்விட்சை அணை என்று போட்டிருக்கும். இதைச் சொன்னேன். விடவில்லை. அவளுடைய வழக்கத்தை ஆளாளுக்கு எனக்குப் பாடம் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒவ்வொருவரும் ஒரு சொல்லை வாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் அதை உடம்பால் செய்து காட்ட வேண்டும். பிறகு அதே சொல், ஆட்டமே இல்லாத இடத்தில் என்ன அர்த்தத்தில் வரும் என்று தெரிந்துகொண்டு, வெளியில் போய், வெளியாள் ஒருவரிடம் உண்மையாகவே அதைச் செலவு செய்துவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து கதை சொல்ல வேண்டும். செலவு செய்யாதவர் எல்லோருக்கும் பன் வாங்கித் தர வேண்டும்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. வாரா வாரம் சாப்பிடும்போது என்னிடம் என்னென்னவோ புது ஆங்கிலம் பேசுவாள். அதெல்லாம் செலவுக் கணக்கு போலிருக்கிறது. நான்தான் அந்த வெளியாள்.

மார்ச் 7, சனி

அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வினை. அந்த வினை மேடையை விட்டு இறங்கி ஆபீசுக்கு, கடைக்கு, வீட்டுச் சண்டைக்கு எல்லாம் போய்விடுகிறது. வால்ட்ஸ் ஆடியே ஒருவன் பரிசைத் தட்டிக்கொண்டு போகிறான். கேள்வியைச் சுற்றி ஒருவன் டான்ஸ் ஆடுகிறான். பெரும்பாலும் சந்தோஷமான ஏமாற்று வேலை.

நம் பக்கம் வேறு மாதிரி. ஒருவன் 'ஆடறான்' என்றாலே திமிர். 'ஆடிப் போயிட்டான்' என்றால் துக்கம். 'ஆட்டி வைக்கிறாள்' என்றால் அந்த வீட்டில் மனைவி. நல்லபடியாக யாருமே ஆடவில்லையா?

மச்சினனிடம் கேட்டேன். சோபாவிலிருந்து கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது.

"தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க அத்தான். நான் இங்க இருக்கறதே அதனாலதான்."

"உன் சதை என் சோபாவுலல்ல ஆடுது."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், நான் ஒரு ஜோக் சொல்லியிருக்கிறேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்த சாக்ஸை எடுத்துக்கொண்டான்.

மார்ச் 10, செவ்வாய்

சொற்களைப் பங்கு போட்டாயிற்று.

பார்பருக்கு வால்ட்ஸ். ஆடினால் ஜோடியாகச் சுழலும் ஆட்டம். ஆடாத இடத்தில், தன் வீடு மாதிரி கவலையே இல்லாமல் உள்ளே நுழைவது. டிரைவருக்கு ஸைட்ஸ்டெப். பக்கவாட்டில் ஓர் அடி வைப்பது, அல்லது கேள்விக்கு நழுவுவது. செக்யூரிட்டி வேலை பார்க்கும் பெரியவருக்கு ஷஃபிள், காலைத் தூக்காமல் தேய்த்துப் போவது. தையல்காரம்மாவுக்கு டிப்டோ. நுனிக்காலில் நிற்பது, அல்லது ஒரு விஷயத்தைத் தொடாமல் அதைச் சுற்றியே பயந்து பயந்து நடப்பது.

சாக்பீஸை வைத்துவிட்டுக் கிளம்பினேன். டீச்சரும் ஒண்ணு எடுப்பாங்க என்று தையல்காரம்மா நிறுத்திவிட்டார். எனக்கானதையும் அவரே எடுத்தார். சிட் அவுட். எல்லோரும் ஆடும்போது ஒருவர் மட்டும் ஆடாமல் உட்கார்ந்திருப்பது. மற்ற இடங்களில், இந்தத் தடவை நான் இல்லை என்று விலகிக்கொள்வது.

செய்து காட்டினோம். பார்பர் ஒரு நாற்காலியைக் கட்டிக்கொண்டு சுழன்றார். டிரைவர் நல்ல பருமன். அவர் பக்கவாட்டில் போனபோது பெஞ்சுகளும் கூடவே போயின. பெரியவர் அருமையாகக் காலைத் தேய்த்தார். இதுக்கு எனக்கு ஒத்திகையே வேணாம், தினம் கேட்டுக்கும் கூண்டுக்கும் நடுவுல இதான் என்றார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். பிரமாதமாகச் செய்தேன் என்று பார்பர் சான்றிதழ் கொடுத்தார்.

அப்புறம் ஒரு சண்டை. கீழே இருக்கும் பேக்கரிக்காரரும் ஆடவில்லையே, அவரும் சிட் அவுட் செய்கிறாரா? பார்பர் ஆமாம் என்றார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் இழுத்து, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சிட் அவுட் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஆட்டம் நடக்கிற இடத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒருவராவது ஆட வருகிறாயா என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டில் போர்த்திக்கொண்டு கிடப்பவர் கணக்கில் வரமாட்டார்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் மழைக்காலத்திலிருந்து நான் செய்துகொண்டிருப்பதற்கு என்ன பெயர்?

மார்ச் 13, வெள்ளி

கதை சொல்லும் நாள்.

பார்பர் கடையில் வரிசையைத் தாண்டி ஒருவர் நேராக நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நம் ஆள் இடுப்பில் கை வைத்து ஆங்கிலத்தில், இப்படி வால்ட்ஸ் ஆடிக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று கண்டித்திருக்கிறார். வந்தவர் தன் நடையைப் புகழ்கிறார் என்று நினைத்து வெட்கப்பட்டு, போகும்போது கூடுதலாகக் காசு கொடுத்துவிட்டுப் போனாராம். திட்டினதுக்குக் காசு வந்தது இதான் முதல் தடவை என்றார் பார்பர்.

டிரைவர் கதை அதற்கு மேல். டிப்போ இன்ஸ்பெக்டர், வண்டி ஏன் லேட் என்று கேட்டிருக்கிறார். இவர் விறைப்பாக நின்று, "சார், உங்கள் கேள்வியை நான் இப்போது ஸைட்ஸ்டெப் செய்யப் போகிறேன்" என்று முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, நிஜமாகவே பக்கவாட்டில் ஓர் அடியும் எடுத்து வைத்திருக்கிறார். நழுவப் போவதை முன்கூட்டியே அறிவிக்கிற நேர்மையான மனிதர். இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் டீ கொட்டி, லேட்டான விஷயமே மறந்துபோயிற்றாம்.

பெரியவர் செலவு செய்யவில்லை. பன் வந்தது. டீச்சர் என்பதால் எனக்கு மட்டும் தவணை கொடுத்தார்கள்.

கடைசியில் தையல்காரம்மா. எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வகுப்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், நிறுத்தி நிறுத்தி. எல்லோரும் உங்களைச் சுற்றி டிப்டோவில் நடக்கிறோம். என் கால்விரல் வலிக்கிறது.

வெளியாளிடம்தானே சொல்ல வேண்டும் என்று பார்பர் மெல்ல ஆட்சேபித்தார்.

"சார் இன்னும் வாசல்கிட்டதானே நிக்கறார். வெளியாள்தான்" என்றார் தையல்காரம்மா.

மார்ச் 14, சனி

டிப்டோவாம். இவங்களுக்கு என்ன தெரியும். நான் கேட்டேனா, யாராவது வந்து என்னைச் சுத்தி நடங்கன்னு. ஒருத்தரும் அவளைப் பத்தி வாயைத் திறக்கறதில்ல — சரி, அது என்னால தானா? மச்சினன்கூட 'அந்தச் சமயத்துல'ன்னுதான் சொல்றான். ஆஸ்பத்திரியைக்கூட 'அந்த இடம்'ங்கறான். காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்தா, மூணாம் நாள் இல்ல. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்றதுக்கு எதுக்கு நுனிக்கால்.

நான் எப்போ கடைசியா சொன்னேன்? யார்கிட்டயாவது?

மார்ச் 17, செவ்வாய்

வினையாக வந்தது வினை. இன்றைக்கு ட்விஸ்ட். எல்லோரும் ஒரே நேரத்தில் இடுப்பைத் திருகி ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் விலகி உட்கார்ந்திருந்தேன், என் பாடம் அதுதானே. படியில் தடதடவென்று சத்தம். பேக்கரிக்காரர் மேலே வந்தார். தலையெல்லாம் வெள்ளை. மாவு என்று நினைத்தோம். மாவு இல்லை, கூரைச் சுண்ணாம்பு. பாதி கேக் க்ரீமில் விழுந்துவிட்டதாம்.

"மேல என்ன, யானை கட்டி வெச்சிருக்கீங்களா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பேக்கரிக்காரர் கெட்டவர் இல்லை. டீச்சருக்காக அறையை வாடகை இல்லாமல் விட்டவர். ஆனால் கூரை இறங்கினால் கீழே அடுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். வகுப்பை நிறுத்திவிடுங்கள், எனக்கும் மாவு மூட்டை போட இடம் வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதற்கு? மாதக் கடைசியில் மலைக்குப் போகிறவன். மூட்டை போட்டால் எனக்கென்ன?

"வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க, அளந்து பாக்கறேன்" என்று யாரோ சொன்னார்கள். என் குரல்தான்.

மார்ச் 20, வெள்ளி

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

சென்சார் பெட்டியோடு போனேன். மரத்தில் சென்சாரின் காந்தம் பிடிக்காது, அதனால் மெழுகு வைத்துத் தரையில் ஒட்டினேன். அறைக்கு அடியில் ஓர் இரும்பு உத்தரம் நீளமாக ஓடுகிறது. எந்த இடத்தில் அது தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரே எடை ஒரே தாளத்தில் உத்தரத்தின் மேலேயே அடி வைத்துப் போக வேண்டும். பேக்கரிக்காரர் கீழே கூரையைப் பார்த்தபடி நின்றார்.

முதலில் பார்பரை நடக்கவிட்டேன். அவருக்கும் தாளத்துக்கும் ஜென்மப் பகை. பெரியவர் காலைத் தேய்த்தார், ரீடிங் அசையவே இல்லை. தையல்காரம்மா நுனிக்காலில் போனார், இன்னும் மோசம். தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் சென்சார் கம்பியைப் பார்பரிடம் கொடுத்து, திரையில் வரும் எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, நானே இறங்கினேன். அளவெடுக்கத்தான்.

தையல்காரம்மா கை தட்டினார், நிதானமாக, மூன்று மூன்றாக. நான் அடி வைத்தேன். ஒரு கோடிக்குப் போய்த் திரும்பினேன். திரும்பும்போது தாளம் விடக் கூடாது, அதனால் காலைச் சுழற்றித் திரும்ப வேண்டியிருந்தது. மறுபடி. மறுபடி. எண் போதவில்லை, எடை பத்தாது. டிரைவர் எழுந்து வந்தார்.

"டபுள் லோடு வேணும்ல சார்?" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

வேண்டும்தான். தொழில்நுட்பப்படி அது சரியான யோசனை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் உத்தரத்தின் மேல் வால்ட்ஸ் ஆடிக்கொண்டு போனோம். அவர் உள்ளங்கையில் ஸ்டீயரிங் பிடித்த காய்ப்பு. நான் காதுக்குள், "இடது, சார், இடது" என்று சொல்ல, அவர் வலது வைக்க, பார்பர் எண்களை லாட்டரிக் குலுக்கல் மாதிரி கூவ, ஜன்னலோரக் கோடியில் எண் சட்டென்று மூன்று மடங்காயிற்று. கீழேயிருந்து பேக்கரிக்காரர், "ஐயோ அங்கதான், அங்கதான்" என்று கத்தினார்.

கண்டுபிடித்துவிட்டோம். டிரைவர் என் கையை விடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ ஒரு விநோதமான சத்தம் கேட்டது, பழைய பம்ப் முதல் தடவை தண்ணீர் இழுக்கிற மாதிரி. எங்கிருந்து என்று பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 21, சனி

உத்தரத்தின் ஜன்னலோர முனையில் ஒரு போல்ட் லூஸ். அவ்வளவுதான். பேக்கரிக்காரர் ஏணியைப் பிடிக்க, நீள ஸ்பானர் வைத்து முறுக்கினேன். மறுபடி அளந்தேன். யானையே ஆடலாம்.

அவர் ஒரு கேக் துண்டைக் கையில் வைத்துவிட்டு, பொறுப்பாக ஓர் ஆள் இருக்கிற வரைக்கும் வகுப்பு நடக்கட்டும், இல்லையென்றால் மூட்டைதான் என்றார். நீங்கள் இருப்பீர்கள்தானே என்றார்.

அந்தக் கேள்வியை ஸைட்ஸ்டெப் செய்தேன். டிரைவர் மாதிரி அறிவிக்காமல்.

மார்ச் 22, ஞாயிறு

மேனேஜர் மலை விஷயமாக வீட்டுக்கே போன் செய்துவிட்டார். எடுத்தவன் மச்சினன். அவனிடம் நான் சொல்லவே இல்லை.

நான் குளித்துவிட்டு வந்தபோது சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போது கிளம்புவதாக உத்தேசம் என்று கேட்டான். இன்னும் முடிவாகவில்லை என்றேன். உனக்கும் பாரம் குறையுமே, என்னைப் பார்த்துக்கொள்வதற்காக எத்தனை நாள் சோபாவில் கிடப்பாய் என்றும் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

"உங்களைப் பாத்துக்கவா? நான் எப்ப அத்தான் உங்களைப் பாத்துக்கிட்டேன்? ஒரு டீ போட்டுக் கொடுத்திருக்கேனா?"

இல்லைதான்.

"எனக்குப் போக இடமில்லாம இருக்கேன். அக்கா இருந்த வீடுன்னு இது ஒண்ணுதான் இருக்கு."

அவனுக்கு அவள் அக்கா. இத்தனை நாளும் எனக்கு அவள் என் மனைவி மட்டும்தான். அவன் எனக்குத் துணை என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நான் அவனுக்குத் துணையாக இருந்திருக்கிறேன். சம்பளமில்லாத வேலை, அதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

டீ போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். நான்தான் முதலில் அவள் பேரைச் சொன்னேன். இருட்டும்வரை அவளைத் திட்டிக்கொண்டிருந்தோம், எதையும் மூடி வைக்கமாட்டாள் என்று. பேனா மூடி, பாட்டில் மூடி, வாய்.

மார்ச் 24, செவ்வாய்

வகுப்பில் நேராகச் சொல்லிவிட்டேன். மலையில் வேலை வந்திருக்கிறது, போகலாமா என்று யோசிக்கிறேன். நுனிக்கால் வேண்டாம்.

தையல்காரம்மா, போறதுன்னா நல்லா போங்க சார், பாத்துட்டுப் போங்க என்றார், கண்ணை ஊசியில் நூல் கோக்கிற மாதிரி சுருக்கிக்கொண்டு. டிரைவர்தான் ரொம்ப யோசித்து, அந்த மலைக்கு எந்த ரூட்டிலும் பஸ் கிடையாது என்றார். இருந்தால் மாற்றல் கேட்டிருப்பாராம்.

மார்ச் 28, சனி

பார்த்துவிட்டே முடிவு செய்வோம் என்று மச்சினனின் வேனில் மலைக்குப் போனோம். வழியெல்லாம் வளைவு. அவன் ஓட்டியதில் எல்லா ஆட்ட வினையும் ஒரே பயணத்தில் முடிந்துவிட்டது.

அழகான இடம். பொய் சொல்லக் கூடாது. பச்சை, மூட்டம், வரிசையாகக் காற்றாடிகள். நான் நினைத்த மாதிரியே ஓர் அறை, ஒரு கட்டில். இப்போது இருக்கும் டெக்னீஷியன் கேட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார். வேன் நிற்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். கேட்டிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து கோபுரத்துக்கு, மூச்சு விடாமல். காற்றாடிகளுக்கெல்லாம் தன் அத்தைகள் பெயர் வைத்திருக்கிறார். பெரியத்தை இன்னிக்குக் கோவமா இருக்கா, சின்னத்தைக்கு மூட்டு வலி என்றார். பேரிங்கைத்தான் சொல்கிறார். அவரும் என்னைப் போலத் தனிமை வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தவராம்.

காற்று நின்றது. அத்தைகள் எல்லோரும் நின்றார்கள். கம்ப்யூட்டரில் எல்லா ரீடிங்கும் பூஜ்யம். பாருங்க, ஒரு குறையும் இல்ல என்றார். எத்தனையோ ஆலைகளில் நான் சொல்லியிருக்கிறேன், பூஜ்யம் வந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஓடவில்லை என்று அர்த்தம் என்று. அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒரு வார்த்தை என்று. மச்சினன் ஹாரன் அடித்தான்.

மார்ச் 30, திங்கள்

மேனேஜர் அறை. வாசலில் நின்று ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தேன். இந்த ஆட்டத்தை நான் சிட் அவுட் செய்கிறேன் சார் என்று கம்பீரமாகச் சொல்லி, சொல்லைச் செலவழித்துவிடுவதாகத் திட்டம். உள்ளே போனதும் எல்லாம் போய்விட்டது.

"நான் போகல சார்."

அவர் ஃபைலை மூடினார். அப்படியா, சரி, காகித ஆலை விசிறி மறுபடி கத்துதாம், போய்ப் பாரு என்றார்.

மலை வேலையை 'ரேடியோ' என்கிறவன் கேட்டிருக்கிறான். எங்கள் செக்‌ஷன் ஆள். வாயே திறக்கமாட்டான், அதனால் அந்தப் பெயர். அவனுக்கு அது சரியான இடம். அந்த அத்தைக்காரரையும் ஊருக்கு இறக்கிவிடுகிறார்கள்.

மார்ச் 31, செவ்வாய்

சொல்லைச் செலவு செய்யாததற்கு அபராதம். பன் தூக்க மச்சினனைக் கூட்டிப் போனேன். தூக்கி வந்தவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டான் என்பதுதான் தெரியுமே.

போகவில்லை என்று சொன்னேன். பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. டிரைவர் எழுந்து பக்கவாட்டில் ஓர் அடி வைத்து எனக்குப் பலகைக்கு வழி விட்டார்.

ஏப்ரல் 10, வெள்ளி

ரொம்ப நாளாக எழுதவில்லை. இன்றும் அவசரம்தான்.

டீச்சருக்கு இந்த ஆட்டமெல்லாம் ஆட வருமா என்று பெரியவர் இன்று கேட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஒன்றுகூட வராது, கல்யாணத்தில் என் காலை மிதித்ததில் நகம் கறுத்துப்போயிற்று என்றேன். அடுத்த பாடம் ஆட்டம்தான்னு அவ்வளவு தைரியமாச் சொன்னாங்களே என்று தையல்காரம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். அக்கா எங்க வீட்ல கண்ணாடி அலமாரியவே உடைச்சிருக்கா, சும்மா ஸ்பின் பண்ணிப் பாக்கறேன்னு என்று மச்சினன் எழுந்து நடித்துக் காட்டினான். வகுப்பே சிரித்து உருண்டது. அவளும் இருந்திருந்தால் இரண்டு பேரையும் அடித்திருப்பாள்.

நடுவில் என் போனில் ஒரு படம் வந்தது. ரேடியோ அனுப்பியது. மூட்டம், காற்றாடி, காலி அறை, ஜன்னலோரம் ஒரே ஒரு டம்ளர். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. போனைக் கை மாற்றி எல்லோரும் பார்த்தார்கள். நல்ல இடம்தான், முடி வெட்டத்தான் ஆளில்லை போலிருக்கு என்றார் பார்பர்.

குளிருக்குப் போர்த்திக்கோ, ஞாயிற்றுக்கிழமை போன் பண்றேன் என்று பதில் போட்டேன். அதற்குள் பலகைப் பக்கம் டிரைவருக்கும் மச்சினனுக்கும் யார் யாரைச் சுழற்றுவது என்று தகராறு. விலக்கிவிடப் போனேன்.